மரவள்ளி மாவுப்பூச்சியைப் படமெடுத்தலும் காமிராவின் ஸென்ஸர் அளவும்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, கஞ்சமலையை அடுத்துள்ள இளம்பிள்ளை, சேலை நெசவினாலேயே வெளியூர்களில் பெயர் பெற்றது. ஆயினும் ஊரைச் சுற்றிலும் உள்ள செம்மண் காடுகளிலும் கிணற்றுப் பாசன நிலங்களிலும் நிலக்கடலையும் சோளமும் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளியும் சாகுபடியாகி வருகின்றன. சேலம், நாமக்கல் சமவெளிகளில் மரவள்ளி பயிரிடுவோருக்குச் சேகோ ஆலைகள் அண்மையில் இருப்பது பெரும் சௌகரியம். அதே காரணத்தால் அப்பயிருக்கு வரும் கேடு குடியானவரோடு நில்லாமல் ஆலை வரையிலும் சென்று தாக்குகிறது.

2020 ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களிலும் பரவிற்று. அது முதல் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நோய் கண்ட கொழுந்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவோர் குறைந்து, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, யோசனை கேட்போர் மிகுந்து வருகின்றனர். இது காலத்தை மிச்சப்படுத்துவதால் வரவேற்கத்தக்கதே. ஆனால் சொல்லப்படும் யோசனை, படம் காட்டுவதைப் பொறுத்தது. படம் பிசகினால் யோசனையும் பிசகும். அதன் பயனாக வேண்டாத மருந்தை வாங்கி அடிப்பதும், நன்மை செய்யும் குளவிகளை அழிப்பதும் நேரிடும்.

ஆகவே, “இந்தக் கைப்பேசி போதுமா, பெரிய காமிரா வாங்க வேண்டுமா? 108 மெகாபிக்ஸல் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது மேலானதா?” என்ற கேள்விகள் கிராமங்களில் எழுவது இயல்பே. இக்கேள்விகளுக்கு விடை, காமிராவினுள் இருக்கும் ஸென்ஸர் என்னும் ஒளியுணர் தகட்டின் அளவில் ஒரு பாதியும், படமெடுக்கும் முறையில் மறுபாதியும் அடங்கியிருக்கிறது.

படத்தில் காண வேண்டுவது யாது?

மரவள்ளியில் மாவுப்பூச்சி ஒரே வகையன்று. 2008 ஆம் ஆண்டில் கோயமுத்தூர்ப் பக்கம் தோன்றிப் பப்பாளி, மல்பெரி, பருத்தி, மரவள்ளி ஆகிய பல பயிர்களைப் பாழ்படுத்திய பப்பாளி மாவுப்பூச்சி ஒன்று. இதன் உடல் மஞ்சள் நிறம். 2020 இல் வந்த மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு. இரண்டின் மேலும் வெள்ளை மெழுகுப்பொடி படிந்திருக்கும். முதுகில் இரு கருங்கோடுகளும் பின்புறத்தில் இரு நீண்ட மெழுகு வால்களும் உடைய வரிமாவுப்பூச்சியும் மரவள்ளியில் உண்டு. அதை அடையாளங் காண்பது எளிது. முதலிரண்டையும் பிரித்தறிவதுதான் வேலை.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியமெனில், இரண்டுக்கும் எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகள் வெவ்வேறு. பப்பாளி மாவுப்பூச்சிக்கு அஸெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் நல்ல பலன் தந்தது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அக்குளவி உதவாது. அதற்கு உரியது அனாகைரஸ் லோபஸி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இக்குளவியை 1981 இல் ஆப்பிரிக்காவில் விட்டு அங்குள்ள மரவள்ளியைக் காத்த வேலைக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் பெனின் நாட்டிலிருந்து வருவித்து, 2022 மார்ச் மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டனர். ஒரு நிலத்துக்கு எந்தக் குளவி வேண்டும் என்பது பூச்சியின் நிறத்தை அறிவதிலிருந்து தொடங்குகிறது. இரண்டரை மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரு பூச்சியின், மெழுகுப்பொடிக்கு அடியிலுள்ள நிறத்தை, இளஞ்சிவப்பா மஞ்சளா என்று படம் காட்ட வேண்டும். காமிராவுக்கு இது சிறு சோதனை அன்று.

இதற்கு மாறாக, தேமல் நோயைக் காட்ட எந்தக் காமிராவும் போதும். வெள்ளை ஈயால் பரவும் அந்நோயில் இலை முழுவதும் மஞ்சளும் பச்சையுமாய்த் திட்டிட்டு, சுருங்கித் திருகிப் போகிறது. குறி உள்ளங்கை அகலம் இருக்கையில் தகட்டின் அளவைப் பற்றி விசாரிக்க வேண்டுவதில்லை. மாவுப்பூச்சி தாக்கிய செடியின் நுனிக் கொழுந்துகள் கணுவிடை குறுகி முடிச்சுப் போலக் கொத்தாகிவிடுவதையும் எந்தக் கைப்பேசியும் காட்டிவிடும்.

தகடும் அதன் அளவுப் பெயர்களும்

பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சிலிக்கான் தகடு இருக்கிறது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டுபிடித்த கருவி இதற்கு முன்னோடி. அதற்காக அவர்கள் 2009 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975 இல் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் ஸாஸன் செய்த முதல் மின்னணுக் காமிரா 100 வரிசை, வரிசைக்கு 100 புள்ளி என்ற அளவில் ஒரு படத்தைக் கேஸட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. இன்று கைப்பேசியில் இருப்பது 1990க்குப் பின் எரிக் பாஸம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருப்படுத்திய ‘ஸீமாஸ்’ வகைத் தகடாகும்.

தகட்டின் மேல் வயலில் பாத்தி பிடித்தாற்போல இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸல். பத்து லட்சம் கட்டம் சேர்ந்தது ஒரு மெகாபிக்ஸல்.

அளவுப் பெயர்கள் குழப்பம் தரத்தக்கவை. கலியாணப் படக்காரர் கொண்டுவரும் பெரிய காமிராக்களில் ‘முழுச்சட்டம்’ எனப்படும் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அதற்கடுத்த ‘ஏ.பி.எஸ்.-ஸி’ வகை ஏறக்குறைய 367 சதுர மில்லிமீட்டர். ‘போர் தேர்ட்ஸ்’ வகை 225. ‘ஓரங்குல’ வகை 13.2க்கு 8.8 மில்லிமீட்டராய் 116 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. அதன் எந்தப் பக்கமும் ஓரங்குலம் இராது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான். பழைய டெலிவிஷன் காமிராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு ஊர் வள்ளமும் படியும் பெயரால் ஒன்றாயும் கொள்ளளவால் வேறாயும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. கைப்பேசித் தகடுகளில் ‘1/1.3 அங்குலம்’ என்பது சுமார் 72 சதுர மில்லிமீட்டர், ‘1/2.55 அங்குலம்’ என்பது சுமார் 24 சதுர மில்லிமீட்டர். பின்னத்தின் அடியிலுள்ள எண் பெருகப் பெருகத் தகடு சிறுத்துப் போகிறது என்பதைக் கடையில் நினைவில் வைத்தால் போதும்.

எனவே முழுச்சட்டத் தகடு, சிறிய கைப்பேசித் தகட்டைப்போல 36 மடங்கு பரப்புடையது.

பரப்பினால் வரும் அனுகூலம்

மழை பெய்யும்போது களத்தில் ஓர் அண்டாவையும் ஒரு சொம்பையும் அருகருகே வைத்தால், பொழிவு ஒன்றாயிருந்தும் அண்டாவில் அதிக நீர் சேரும். ஒளியும் துளித்துளியாகவே விழுகிறது. துளிகள் ஒழுங்கான இடைவெளியில் விழுவதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்க விஷயம். சராசரி 100 துளி விழவேண்டிய இடத்தில் ஒரு தடவை 90உம் மறுதடவை 110உம் விழும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு. 10,000 துளி விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 100 துளியே. நூற்றில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிக்கலக்கம். சேர்ந்த ஒளியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் படத்தின் சுத்தம் அமைவதால், 36 மடங்கு பரப்புள்ள தகட்டில், லென்ஸின் எப் எண்ணும் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாயிருப்பின், படம் 6 மடங்கு சுத்தமாயிருக்கும். கலக்கத்தில் முதலில் கெடுவது நிறம். வெளிர் சிவப்பும் வெளிர் மஞ்சளும் ஒன்றோடொன்று மயங்கிச் சாம்பல் பூத்துவிடுகின்றன.

இனி மெகாபிக்ஸல். இளம்பிள்ளைப் பக்கத்தில் தறி அறியாத குடியானவர் அரிதாகையால் இதைத் தறியைக் கொண்டே சொல்லலாம். சேலையின் அகலத்தை மாற்றாமல் பாவு இழைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமானால் நூலை மெல்லியதாக்க வேண்டும். மெல்லிய நூலால் நுட்பமான பூவேலை வரும். ஆனால் ஒவ்வோரிழைக்கும் வலு குறையும். 108 மெகாபிக்ஸல் கைப்பேசியில் ஒரு கட்டத்தின் அகலம் 0.8 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 24 மெகாபிக்ஸல் முழுச்சட்டக் காமிராவில் அது சுமார் 6 மைக்ரான். நுண்ணிய கட்டத்தில் ஒளி போதாமையால் அக்கைப்பேசிகள் ஒன்பது கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படமாகவே சாதாரணமாகத் தருகின்றன. 108 என்ற எண்ணுக்காக மட்டும் அதிக விலை கொடுப்பது வீண். அக்கைப்பேசிகளிற் பலவற்றில் தகடும் சற்றுப் பெரிதாயிருப்பதே உண்மையான லாபம்.

பெரிய தகட்டின் அனுகூலம் எங்கே குறைகிறது?

மேற்சொன்னதைக் கேட்டுப் பெரிய காமிரா வாங்கத் துணிவோர் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பூச்சியை மிக அருகில் எடுக்கையில், முன்னும் பின்னும் எவ்வளவு ஆழம் தெளிவாய் விழுகிறது என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது. கொழுந்து தட்டையான காகிதமன்று. மடிந்தும் சுருண்டும் இருக்கும். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள காட்சியைச் சிறு கைப்பேசி எப் 1.8 என்னும் அகன்ற துவாரத்தோடு எடுத்தாலும் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம் தெளிவாய் விழுகிறது. அதே காட்சியில் அதே ஆழம் வேண்டுமாயின் முழுச்சட்டக் காமிராவில் துவாரத்தை எப் 9 முதல் எப் 11 அளவுக்குச் சுருக்க வேண்டும். அங்ஙனம் சுருக்கினால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய 30 அல்லது 36 பங்காகக் குறைகிறது. பரப்பினால் கிடைத்த 36 மடங்கு லாபம் துவாரத்தைச் சுருக்கியதால் அநேகமாக நஷ்டமாகிவிடுகிறது. அந்த நஷ்டத்தை ஈடு செய்ய ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். ஆனால் வயலில் காற்றடிக்கும்போது கொழுந்து ஆடும். பிளாஷ் விளக்கு, முக்காலி, அருகில் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ் ஆகிய மூன்றும் கைவசம் உள்ளவருக்கே பெரிய காமிராவின் முழுப்பலன் கிட்டும். ஆராய்ச்சி நிலையத்துக்கு அது தகும். ஐந்து ஏக்கர் மரவள்ளிக்காரருக்கு அந்தச் செலவு வேண்டியதன்று.

பட்டப் பகலில் சிறு தகட்டுக்கு வேறு தொல்லை உண்டு. நேர்வெயிலில் ஒளி சுமார் 1 லட்சம் லக்ஸ் அளவில் பொழிகிறது. சொம்பு சீக்கிரம் நிரம்பி வழிவதுபோலச் சிறு கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. மெழுகுப்பொடி வெள்ளையாகையால் முதலில் நிரம்புவது அங்கேதான். படத்தில் பூச்சி இருக்குமிடம் சுண்ணாம்பு வைத்தாற்போல் வெளுத்து, உடலின் நிறம் அடியோடு மறைந்துபோகிறது. அலுவலகங்களுக்கு வந்துசேரும் படங்களில் மிகப் பெரும் குறை இதுவே எனலாம். பெரிய காமிராவிலும் இது நேரும். ஆயினும் நிரம்பாமல் தாங்கும் இடம் அதில் அதிகம். பரிகாரம் எளிது. கொழுந்தின் மேல் குடையையோ தம் நிழலையோ விழச் செய்து, திரையில் பூச்சியின் மேல் விரலால் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, படம் கொஞ்சம் இருட்டாகவே விழும்படி எடுக்க வேண்டும். இருட்டாய் விழுந்ததைப் பிறகு வெளிச்சமாக்கலாம். வெளுத்துப் போனதை யாராலும் மீட்க முடியாது.

வெளிச்சம் போதாத இடத்திலோ கைப்பேசி வேறொரு தந்திரம் செய்கிறது. ஒரே கணத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிப் புள்ளிக்கலக்கத்தைத் தேய்த்துவிடுகிறது. முகத்துக்கும் கோபுரத்துக்கும் இது அழகு தரும். பூச்சியின் ஓரத்திலுள்ள குட்டையான மெழுகு இழைகளையும் கலக்கம் என்று எண்ணி அதுவே தேய்த்துவிடுகிறது. காற்றில் கொழுந்து ஆடினால் படம் இரட்டித்தும் போகும். இரவில் டியூப் விளக்கின் கீழ் எடுத்த படத்திலும், மாலை மஞ்சள் வெயிலில் எடுத்த படத்திலும் நிறத்தை நம்பலாகாது. காலை 8 மணிக்கு மேல் 10 மணிக்குள், நிழலில், பூச்சியின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு தெரியும்படி எடுப்பது நலம். காகிதம் படத்தில் வெள்ளையாய் விழுந்திருந்தால் பூச்சியின் நிறமும் ஏறக்குறைய உண்மையாய் இருக்கும். காகிதம் மஞ்சளாய் விழுந்தால் பூச்சி மஞ்சளென்று முடிவு கட்டுதல் தவறு.

அண்மையே பெரிது

தகட்டின் அளவைக் காட்டிலும் படத்தை ஆளுவது தூரம். 12 மெகாபிக்ஸல் கைப்பேசிப் படத்தின் நீளத்தில் சுமார் 4,000 கட்டங்கள் உண்டு. ஒரு செடி முழுவதும் தெரியும்படி ஒரு மீட்டர் அகலத்துக்கு எடுத்தால் இரண்டரை மில்லிமீட்டர்ப் பூச்சிக்குக் கிடைப்பது 10 கட்டம். அதைப் பெரிதாக்கினால் வெள்ளைப் புள்ளி தெரியும், வேறொன்றும் தெரியாது. கொழுந்தை மட்டும் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு எடுத்தால் 100 கட்டம். அப்போது உடலும் நிறமும் தெரியத் தொடங்கும். 6,000 கட்டமுள்ள பெரிய காமிராவில் அதே அகலத்துக்கு 150 கட்டம். ஒன்றரை மடங்கு என்பதற்கு மேலில்லை. பத்தில் ஒரு பங்கு அண்மையில் செல்வதால் பத்து மடங்கு லாபம் செலவின்றிக் கிடைக்கிறது.

எல்லையற்று அருகில் செல்லவும் இயலாது. குறிப்பிட்ட தூரத்துக்குள் கைப்பேசியின் பிரதான லென்ஸ் தெளிவு பிடிக்காது. இதற்கென்று மலிவான கைப்பேசிகளில் ‘மேக்ரோ’ என்ற தனிக் கண் வைத்துள்ளனர். அவற்றிற் பல 2 மெகாபிக்ஸல் அளவில், மிகமிகச் சிறு தகட்டோடு அமைந்தவை. அவற்றால் எடுக்கும் படம் பிரதானக் கண்ணால் சற்று எட்ட நின்று எடுத்து வெட்டிய படத்துக்கும் தாழ்வாயிருப்பதுண்டு. அதைவிட, துணியின் இழை எண்ண உதவும் பூதக்கண்ணாடியையோ பத்து மடங்கு காட்டும் கைலென்ஸையோ பிரதானக் கண்ணின் முன் ஒட்டிப் பிடித்து எடுப்பது மேலானது. தெளிவின் ஆழம் மெல்லிய தாளளவு குறைந்துவிடும் என்பதால், கொழுந்தைக் கிள்ளி ஒரு பலகையின் மேல் வைத்து, கைப்பேசியைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்திப் பத்துப் படங்களாவது எடுத்து, நல்லதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அனுப்புவதில் போகும் நஷ்டம்

இவ்வளவும் சரிவர எடுத்த படம் அனுப்பும் வழியில் கெட்டுவிடுவது பெரும் பரிதாபம். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது நீளவாட்டில் சுமார் 1,600 கட்டமாகச் சுருக்கப்படுகிறது. மேற்சொன்ன 100 கட்டப் பூச்சி 40 கட்டமாகிவிடும். முழுச்சட்டக் காமிராவில் எடுத்த படமும் இவ்வழியே வந்தால் அதே 1,600க்குள் அடங்கியாக வேண்டியதே. இலட்ச ரூபாய்க் காமிராவும் பதினாயிரம் ரூபாய்க் கைப்பேசியும் அங்கே சமமாகிவிடுகின்றன. 2023 இல் வந்த ‘எச்.டி.’ என்னும் குறியைத் தொட்டு அனுப்புவது இதனினும் நன்று. ‘ஆவணம்’ என்ற பகுதியில் கோப்பாக அனுப்புவதே முழு அளவும் கெடாமல் சேர்ப்பது. இல்லாவிடில், வேண்டிய பகுதியை மட்டும் முதலில் வெட்டி எடுத்துப் பின் அனுப்பலாம். படமாக அனுப்புகையில், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைக் குறிப்பும் நீங்கிவிடுகிறது என்பதைக் கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

பெரிய தகடு வேண்டிய இடங்கள்

தகட்டின் பரப்பு உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. அடர்ந்த மரவள்ளியின் அடியிலைகள், கருமேகம் கவிந்த நாட்கள், அந்திவேளை ஆகியவற்றில், தெளிவின் ஆழம் அவ்வளவு வேண்டாத பொருளை எடுக்கும்போது பெரிய தகட்டின் படம் நிறம் கெடாமல் நிற்கும். கைப்பேசி வாங்குவோர் இரண்டு உருப்படிக்கு நடுவே தயங்கினால், மெகாபிக்ஸலைப் பாராமல் 1/1.3 அங்குலத்தை ஒட்டிய தகடு உள்ளதைத் தேர்ந்தால் 1/2.55 அங்குலத் தகட்டைப்போல மும்மடங்கு பரப்பு கிடைக்கும்.

டிரோன் என்னும் ஆளில்லாப் பறவையிலும் இதே கணக்குதான். 2.4 மைக்ரான் கட்டமும் 8.8 மில்லிமீட்டர் குவிதூரமும் உடைய ஓரங்குல வகைத் தகடு, 30 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் 8 மில்லிமீட்டரை ஒரு கட்டமாகக் காட்டும். அதன் நாலில் ஒரு பங்கு பரப்புள்ள 1/2.3 அங்குலத் தகட்டுடன் வரும் சிறு டிரோன் ஏறக்குறைய 10 மில்லிமீட்டரைக் காட்டும். நல்ல வெயிலில் வித்தியாசம் சொற்பம். இரண்டிலும் பூச்சி தெரியாது; கொத்தாகிய கொழுந்துகள் எந்தப் பாத்தியில் அதிகம் என்பது தெரியும். டிரோன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறக்க, ஷட்டர் நூறில் ஒரு விநாடி திறந்திருந்தால் அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் ஆறு கட்டத்துக்கு இழுபட்டுக் குழம்பும். ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் முடிக்க வேண்டுமானால் குறைந்த நேரத்தில் அதிக ஒளி வேண்டும். மேகமூட்டத்தில் பெரிய தகடு அங்கே பயன்படுகிறது. டிரோன் பறக்க விடுவோர் 2021 ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அந்த இடம் அனுமதிக்கப்பட்ட பகுதியா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கு

பயிர்க் கணக்கெடுப்பில் வயலிலேயே நின்று கைப்பேசியால் படம் எடுக்கும் முறை தமிழ்நாட்டில் 2024 இல் பரவலாகக் கையாளப்பட்டது. பயிர் இன்னதென்று காட்டும் இப்படங்களுக்கு மிகச் சிறிய தகடும் போதும். பயிர்க் காப்பீட்டில், ஆலங்கட்டி மழை, வெள்ளத் தேக்கம் போன்ற ஸ்தலக் கேடுகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது விதி. அதற்கு வேண்டிய படங்களிலும் தகட்டின் அளவுக்கு வேலையில்லை. வயல் முழுவதும் ஒன்று, கிணறு, பனை, வரப்பு முதலிய நிலைத்த அடையாளத்தோடு ஒன்று, பயிரின் அண்மையில் ஒன்று என்று எடுத்து, இடக்குறிப்பு நீங்காமல் மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தினால் போதும். அண்மைப் படத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைப்பது நல்ல வழக்கம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டராகையால் எவரும் அளவைக் கணித்துக்கொள்ளலாம்.

தம்மிடமுள்ள இரண்டு கைப்பேசிகளில் எது மேல் என்று அறிய விரும்புவோர் அந்த நாணயத்தைக் கொண்டே பரீட்சை செய்யலாம். கொழுந்தின் பக்கத்தில் நாணயத்தையும் வெள்ளைக் காகிதத்தையும் வைத்து, இரு கைப்பேசியிலும் நாணயம் படத்தின் அகலத்தில் கால் பங்கு வரும்படி, காலை நிழலில் ஒரு தடவையும் அந்தியில் ஒரு தடவையும் எடுக்க வேண்டும். பின்பு நாணயத்திலுள்ள சிறு எழுத்துக்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், காலையில் இரண்டுக்கும் பேதம் காண்பது கடினமாயிருக்கும். அந்திப் படத்தில் தகடு சிறியதன் எழுத்துக்கள் மெழுகு உருகினாற்போல் மழுங்கியிருக்கும்.

எவ்வளவு நல்ல படமும் சந்தேகத்தை எழுப்பத்தான் வல்லது. மாவுப்பூச்சியின் இனத்தை ஐயமறத் தீர்மானிக்க, பெண் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆகையால் படம் அனுப்பியவர், முற்றிய பூச்சிகள் சிலவற்றை மெல்லிய தூரிகையால் எடுத்து, மூடியுள்ள சிறு சீசாவில் ஆல்கஹாலில் இட்டு, ஊர், சர்வே எண், தேதி எழுதி ஒட்டி வைத்துக்கொள்வாராக. பப்பாளி மாவுப்பூச்சி ஆல்கஹாலில் நீலங்கலந்த கருநிறமாக மாறும் இயல்புடையது. இது எந்தக் காமிராவும் காட்டாத குறிப்பு. சீசாவை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலோ சேர்ப்பிக்கலாம். விடை வரும் வரையில் பூச்சிமருந்து தெளிக்காமல், கொத்தாகிய நுனிகளைக் கிள்ளி எரித்து, தாக்குண்ட வயலிலிருந்து விதைக்குச்சி எடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்.